ஏலத்தில் வந்த சேவல்

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு, தாராவியில் மரியஅந்தோணி வீட்டுப் பின்வாசலில் நின்றவர்கள் நான்கு பேர். வீட்டுப் பெரியவர் மரியஅந்தோணி. அவர் மனைவி சவரியம்மாள். மகன் ஜோசப்ராஜ். மருமகள் லூசியம்மாள். ஐந்தாவதாகத் தாமும் அங்கே நின்று எல்லாவற்றையும் காதால் கேட்டதாகப் பிற்பாடு இரண்டு மூன்று பேர் சொல்லித் திரிந்தார்கள். அப்படி யாரும் நிற்கவில்லை. தகரக் கதவு சாத்தியிருந்தது.

சாத்தச் சொன்னவர் மரியஅந்தோணிதான்.

காலடியில், மழையில் நனைந்த சாக்கின் மேல், மூன்று கோழிகள் செத்துக் கிடந்தன. மூன்றும் கழுத்தை நீட்டி அலகைப் பிளந்தபடி கிடந்தன. கடைசி மூச்சை எட்டிப் பிடிக்கப் பார்த்து, அது கிடைக்காமல் போன கிடப்பு.

“இதோட இருபத்தொண்ணு” என்றாள் லூசியம்மாள்.

“எண்ணாத” என்றார் மரியஅந்தோணி.

அவள் எண்ணாவிட்டாலும் அவர் மனம் எண்ணிக்கொண்டுதான் இருந்தது. முப்பத்து நான்கு கோழிகள் அடைந்த கூடு அது. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றபோது, அங்கே கழித்துப் போட்ட பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, அவரே ஆணியடித்துக் கட்டினார். இப்போது அதில் மிச்சம் பதின்மூன்று.

அந்தச் சிவப்புச் சேவல் எப்படி வீட்டுக்கு வந்தது என்பதைத் தொடர்ந்து படித்து வருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்காக நாலு வரி.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்தவர்கள் தாராவியில் எழுப்பிய சின்னக் கோயில் ஒன்று உண்டு, அந்தோணியார் கோயில். நேர்ந்துகொண்டவர்கள் அந்தோணியார் சிலை நிற்கும் கெபியின் காலடியில் கோழியையோ சேவலையோ கட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். செவ்வாய்க்கிழமை ஜெபம் முடிந்ததும் அது ஏலத்துக்கு வரும். முதல் உருப்படியைக் கோயில் தலைவர் எடுப்பார். தலைவர் மரியஅந்தோணி. அவர் கேட்டுவிட்டால் எதிர்த்துக் கேட்க ஆள் கிடையாது. அப்படி வந்த நேர்ச்சைக் கோழியை அன்றைக்கே கால்கட்டை அவிழ்த்து வீட்டுக் கோழிகளோடு சேர்த்து விட வேண்டும். தனியே கூடையில் கவிழ்த்து வைத்தால் அது காணிக்கையைச் சந்தேகித்ததாகும். நாற்பது நாள் அதன் மேல் கத்தி படவும் கூடாது.

“பத்து நாளாவது கூடைக்குள்ள இருக்கட்டும், மாமா” என்று ஐந்து வாரத்துக்கு முன்பு லூசியம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

“அந்தோணியாரு சேவல லாக்கப்புல போடச் சொல்லுதியோ?” என்று கேட்டுவிட்டு, அவரே தம் கையால் கட்டை அவிழ்த்தார்.

இரண்டாவது வாரம் தும்மல் தொடங்கியது. அப்புறம் கண்ணில் நீர். அப்புறம், எண்ணெய் காணாத சக்கரம் போல ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கீச்சு. கூட்டின் பலகைகளில் சளியும் ரத்தமும் தெறித்துக் காய்ந்திருந்தன. லூசியம்மாள் தினமும் கழுவினாள். தினமும் தெறித்தது.

“நேத்து பரேலுக்குப் போயிட்டு வந்தேன், மாமா” என்றாள் அவள் இப்போது. “மாட்டு டாக்டர்ட்ட. செத்ததுல ரெண்ட எடுத்துட்டுப் போனேன்.”

“யாரக் கேட்டுப் போன?”

“அத்தையக் கேட்டுத்தான்.”

சவரியம்மாள் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தொண்டையக் கீறிக் காட்டுனாரு. உள்ள ரத்தங் கட்டியா அடைச்சுக் கெடந்துச்சு. மூச்சுக்கொழாயில வார ஒட்டுவாரொட்டியாம். மருந்து கெடையாதுன்னுட்டாரு. சாகுறது செத்துரும், மத்தது தெளிஞ்சுரும். ஆனா தெளிஞ்சதுதான் ஆபத்தாம், மாமா. பாக்க நல்லாருக்குமாம். அது விடுற மூச்சுல சீக்கு இருந்துக்கிட்டே இருக்குமாம், மாசக்கணக்குல. அதனால மிச்சத்தையும் கொன்னு, சுண்ணாம்பு போட்டுப் பொதைச்சு, கூட்டையும் கழிச்சுறச் சொன்னாரு.”

“வேற?”

லூசியம்மாள் தண்ணீர் டிரம் பக்கம் திரும்பினாள். “புதுசா எந்தக் கோழி வந்துச்சுன்னு கேட்டாரு.”

தண்ணீர் டிரம்மின் மேல் நின்ற சிவப்புச் சேவல் சிறகை அடித்துக் கூவியது. நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். கொண்டை தளதளவென்று சிவந்திருந்தது. கண் தெளிவாக இருந்தது. இருபத்தொரு கோழிகள் செத்த முற்றத்தில் ஒரு தும்மல்கூடத் தும்மாத ஒரே உயிர் அதுதான்.

“அதுக்கு ஒண்ணுமே இல்லையே” என்றார் மரியஅந்தோணி. “பின்ன அதுலேருந்து எப்படி வரும்?”

“அதத்தான் மாமா அவரு சொல்லுதாரு. அது எங்கயோ முன்னாலயே பட்டுத் தெளிஞ்சது.”

ஜோசப்ராஜ் செத்த கோழிகளைக் குனிந்து எடுத்தான். “ஏலத்துல சேவலோட சேத்து சீக்கையும் எடுத்துட்டோம்பா. எதுத்துக் கேக்கத்தான் ஆளில்லையே.”

“வாய மூடுலே.”

“மூடித்தான வச்சிருக்கேன். மூணு வாரமா எம் பையில சாப்பாட்டு டப்பாவும் செத்த கோழியும் ஒண்ணாப் போகுது. மாஹிம் கழித்தண்ணியில எறிஞ்சுட்டு, அதே கையால ஒர்க்‌ஷாப் கேட்டுல டோக்கன் வாங்குதேன். என்னைக்காச்சும் மாத்தி எறிஞ்சிரப் போறேன்.”

செத்த மூன்றையும் பைக்குள் திணித்தான்.

மறுநாள் பதின்மூன்றாம் தேதி, அந்தோணியார் திருநாள். கோயில் முற்றத்தில் மூங்கில் தட்டியால் பட்டி கட்டியிருப்பார்கள். முந்தின நாள் மாலை ஜெபத்துக்குப் பிறகு பட்டி திறக்கும். முதல் கோழி மரியஅந்தோணி வீட்டுக் கோழி. பதினோரு வருஷமாக அப்படித்தான். அதன் பின்னால் முப்பது வீட்டுக் கோழிகள் உள்ளே போகும். ராத்திரி முழுக்க ஒன்றாக அடைந்து கிடக்கும். திருநாள் பூசை முடிந்து ஏலத்தில் பிரிந்து, வேறு முப்பது வீடுகளுக்குப் போகும்.

“நம்ம கோழி அந்தப் பட்டிக்குள்ள போச்சுன்னா, நாளைக்குச் சாயங்காலம் முப்பது வீட்டுலயும் சீக்கு நிக்கும், மாமா” என்றாள் லூசியம்மாள்.

“போகலன்னா?” என்றார் அவர். “ஏன் வரலன்னு கேப்பான். நேர்ச்சச் சேவல் அடைஞ்ச வீட்டுல கோழி சாகுதுன்னு தெரிஞ்சா, அந்த வீட்டுல என்ன குத்தம்னு தோண்டுவான். எவ எப்படி நடந்தா, எவன் என்னத்தத் தின்னான்னு ஒவ்வொருத்தன் வாயும் நம்ம அடுப்பங்கரை வரைக்கும் வரும். அந்தப் பேச்சு வந்த வீடு எது மறுபடி நிமிந்து நின்னுச்சு? கருத்த பெட்டை தெளிவா இருக்கு. அதக் குளிப்பாட்டி வை. வெளிய ஒரு வார்த்த போகக் கூடாது.”

அதுதான் அவர் முடிவு. குடும்பத்தின் பேரைக் காப்பது தலைவனின் வேலை என்று அவர் நம்பினார். அதற்கு எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அந்தக் காலை நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒன்பது மணிக்குத் தகர வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது.

“அண்ணாச்சி, இருக்கியளா?”

நூர் நிஷா. தோல் கிடங்கில் வேலை பார்த்து இறந்துபோன கலீலுல்லாவின் மனைவி. வேலிக்கு அப்பால் பதினைந்து வருஷமாகக் குடியிருப்பவள். எட்டுக் கோழி வளர்த்து, முட்டை விற்று, ஒரே மகள் மர்யமைக் கட்டிக் கொடுத்தவள்.

மரியஅந்தோணி வேலியோரம் போய் நின்றார். தம் பக்கத்துக் கூடு அவள் கண்ணில் படாதபடி நின்றார்.

“எங்க வீட்டுல ரெண்டு தும்முது, அண்ணாச்சி. ஒண்ணு வாயத் தொறந்து தொறந்து மூடுது. நம்ம ரெண்டு வீட்டுக் கோழியும் ஒரே ஓடைக்கரையிலதான மேயுது. ஒங்க பக்கம் ஏதும் சீக்கு இருக்கா?”

“இல்ல.”

மரியஅந்தோணி எப்போதும் ஒற்றைச் சொல்லில்தான் பதில் சொல்வார். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அவர் இல்லை என்றால் இல்லை, உண்டு என்றால் உண்டு. அந்தப் பெயரை அவர் முப்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்திருந்தார்.

நூர் நிஷாவின் முகம் தெளிந்தது. “அப்பஞ் சரி. மழை ஈரமாத்தான் இருக்கும். நான் பயந்தே போனேன். மர்யமுக்குப் புள்ள பொறந்து எட்டு நாளாச்சுல்லா? நாப்பது முடியுற மட்டும் கோழிச்சாறு வைக்கணும். தும்முற ரெண்ட விட்டுட்டு மத்த ஆறையும் உல்லாஸ்நகருக்குக் கொண்டு போறேன்.”

அவர் தகர வேலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“சம்பந்தி வீட்டுல அம்பது கோழி நிக்கி, அண்ணாச்சி. கரீம் பாட்சா மாமாவுக்கு அதுதான் பொழைப்பு. எம் மவ அந்த வீட்டுக்குப் போயி ஒரு வருசந்தான் ஆகுது. நான் சீக்குக் கோழியக் கொண்டுபோயி எறக்கிட்டா, நாளைக்கு அவ அங்க நிக்க முடியுமா? அதான் ஒங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவம்னு வந்தேன்.”

அந்த இடத்தில் அவர் வாயைத் திறந்திருக்கலாம். பேச்சுக்கு அவளே கதவைத் திறந்து விட்டிருந்தாள். ‘கொஞ்சம் பொறு’ என்று ஒரு சொல் போதும்.

“எத்தன மணி வண்டி?” என்று கேட்டார்.

“சயான்ல ஒண்ணேகாலு லோக்கலு.”

“கூட்டமா இருக்கும். பாத்துப் போ.”

உள்ளே திரும்பியபோது நிலைப்படியில் லூசியம்மாள் நின்றிருந்தாள். கையில் சுளகு. அதில் பாதி புடைத்த அரிசி.

“மாமா.”

“வேலையப் பாரு.”

“நான் போயிச் சொல்லட்டா?”

“எஞ் சொல்லுக்கு மேல இந்த வீட்டுலேருந்து ஒரு சொல்லு போச்சுன்னா, அதுக்குப் பொறவு நான் இந்த வீட்டுல இல்ல.”

அவள் சுளகைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்த அலாரக் கடிகாரத்தை எடுத்து, அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மறுபடி அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கடிகாரம் பத்தரை காட்டும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் முடியவில்லை. மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

பட்டி தயாராகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மழையில் வண்ணக் காகிதக் கொடிகள் சாயம் போய்த் தொங்கின. கோயில் காரியதரிசி ஆபிரகாம் ஏணிமேல் நின்று மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க தலைவரே. ஒங்க வீட்டுக் கோழி வராம இந்தத் தட்டி தெறக்காது. போன வருசத்துச் சேவல எடுத்தவன் இன்னும் அந்தக் கனத்தப் பத்தியே பேசுதான். அவன் பொண்டாட்டிகூட அவ்வளவு கனம் இல்லையாம்.”

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். மரியஅந்தோணி பட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

சகாயராணி என்கிற பெண், முந்தானைக்குள் ஒரு வெள்ளைக் கோழியை அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். சாயங்காலம் வரவேண்டியவள். காய்ச்சலில் கிடந்த பிள்ளை பிழைத்த மகிழ்ச்சியில் காலையிலேயே வந்துவிட்டாள்.

“எங்கிட்ட இருக்கதே ரெண்டு கோழிதான், பெரியப்பா. ஒண்ண நேந்துட்டேன். பட்டியில இத ஒங்க கோழி பக்கத்துல விடணும்னு நெனைச்சிருக்கேன். ராசியான வீடு பாருங்க.”

கோழி அவள் கைக்குள்ளிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தது. உருண்டையான, நனையாத கண். சத்தமில்லாத மூச்சு. மூன்று வாரமாக, அந்தச் சேவலைத் தவிர, அப்படி மூச்சுவிடும் கோழியை அவர் தம் வீட்டில் பார்க்கவில்லை. ஆரோக்கியமான கோழி எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

“வீட்டுக்குக் கொண்டு போ. சாயங்காலம் பாத்துக்கலாம்” என்றார். 

வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டே முக்கால். நேராகப் பின்வாசலுக்குப் போனார். லூசியம்மாளின் டாக்டர் சொன்னது பொய் என்று ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி கருத்த பெட்டை. அது தீனி எடுத்தது, நடந்தது, முட்டைகூட இட்டது. அதைக் குனிந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார்.

கை பட்டதும் அது மிரண்டது. கழுத்தை நீட்டியது. நீட்டிய கழுத்து உள்ளே போகவில்லை. அலகு திறந்தது. தொண்டைக்குள் அந்தக் கீச்சுச் சத்தம் எழுந்தது. தலையை ஒரு முறை உதறி இருமியது.

வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது.

அவர் அதைக் கீழே விட்டார். பெட்டை இரண்டடி நடந்து, எதுவும் நடக்காதது போலத் தரையைக் கிளறத் தொடங்கியது.

ஜன்னல் விளிம்பில் கடிகாரம் ஒரு மணி மூன்று நிமிஷம் காட்டியது.

மரியஅந்தோணி செருப்பில்லாமல் தெருவில் நடந்ததைத் தாராவி அதுவரை கண்டதில்லை. அன்று கண்டது. ஓடியதையும் கண்டது. அறுபத்து மூன்று வயது மனிதர், ரத்தம் தெறித்த சட்டையோடு, சேற்றையும் கைவண்டிகளையும் தாண்டி சயான் ஸ்டேஷனுக்கு ஓடினார். “ஹட்டோ, ஹட்டோ” என்று எவனோ வழிவிடச் சொல்லிக் கத்தினான். யாரோ “அண்ணாச்சி, யாருக்கு அடி?” என்று கேட்டார்கள். அவருக்கு எதுவும் காதில் விழவில்லை.

படிக்கட்டு ஏறிப் பாலத்தின் நடுவுக்கு வந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. பெண்கள் பெட்டியின் வாசலில் ஒரு மூங்கில் கூடை தெரிந்தது. அதன் மேல் பச்சைத் துணி கட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நூர் நிஷாதானா என்று பார்ப்பதற்குள் பெட்டி போய்விட்டது.

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூப்பிடவும் மூச்சில்லை. திறந்த வாயால் அவர் மூச்சை இழுத்த விதத்தைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒருவன் தண்ணீர் வேண்டுமா என்று இந்தியில் கேட்டான்.

அங்கிருந்து ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு நடந்தார். முப்பது வருஷம் அந்தக் கேட்டில் சலாம் வாங்கியவர். வாட்ச்மேன் எழுந்து நின்றான். சட்டையைப் பார்த்ததும், கேள்வி கேட்காமல் உள்ளே ஆள் அனுப்பினான்.

ஜோசப்ராஜ் கையில் கிரீஸோடு வந்தான். “எப்பா, என்ன ரத்தம்?”

“எனக்கு ஒண்ணுமில்ல. நூர் நிஷா உல்லாஸ்நகர் போயிட்டா. கோழி கொண்டு போயிருக்கா. நீ அடுத்த வண்டியப் புடி. அவ கூடைய எறக்குறதுக்கு முன்னால நிறுத்து.”

“உல்லாஸ்நகர்ல எங்க?”

“கரீம் பாட்சா வீடு. நாலாம் நம்பர் கேம்ப்போ அஞ்சாம் நம்பரோ. கேட்டுக்கோ.”

“அது என்ன நம்ம தெருவாப்பா, கேட்டுக்க?” ஜோசப்ராஜ் கையைத் துணியில் துடைத்தான். “சரி, போறேன். என்னன்னு சொல்லி நிறுத்த? காலையில அவுக வந்து கேட்டப்ப நீங்க என்ன சொன்னிய?”

மரியஅந்தோணி மகன் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

“சீக்கு இல்லன்னேன்.”

கேட்டுக்குள்ளே சங்கு ஊதியது. 

“அவுக நம்பலன்னா? ‘அண்ணாச்சி இல்லன்னாவளே’ன்னு சொன்னா நான் என்ன சொல்லட்டும்?”

“ஒங்கப்பன் பொய் சொன்னான்னு சொல்லு.”

அவன் லீவு சொல்லிவிட்டு, உடுப்புக்கூட மாற்றாமல் ஸ்டேஷனைப் பார்த்து ஓடினான்.

வீட்டுக்கு வந்ததும் மரியஅந்தோணி சட்டையைக் கழற்றி எறிந்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். லூசியம்மாள் சமையலறையின் பின்னால் இரண்டு டின் சுண்ணாம்பு வைத்திருந்தாள். நேற்றே வாங்கி வைத்திருக்கிறாள். அதை இழுத்துக்கொண்டு வந்தாள்.

மழைத்தண்ணீர் ஊறிய மண். குழி தோண்டத் தோண்ட அடியில் கறுப்பு நீர் சுரந்தது. இடுப்பளவு தோண்டவேண்டியதை முழங்காலளவுதான் தோண்ட முடிந்தது.

“எத?” என்றாள் சவரியம்மாள், கூட்டின் வாசலில் நின்றபடி. “சீக்கானத மட்டுமா?”

“எல்லாத்தையும்.”

“சேவலையுமா? அது அந்தோணியாரு சேவலுங்க. நாப்பது நாளு ஆகல.”

“அத மொதல்ல கொண்டா.”

சவரியம்மாள் நகரவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். லூசியம்மாள்தான் டிரம்மிலிருந்து அதைப் பிடித்து வந்தாள். கனமான சேவல். அவர் கையில் அது திமிரவில்லை. வந்த நாளில் கால்கட்டை அவிழ்த்தபோதும் திமிராத சேவல்.

பதின்மூன்றையும் அவரே செய்தார். அரிவாளை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் குழியில் இட, லூசியம்மாள் ஒரு சிரட்டைச் சுண்ணாம்பு அள்ளிப் போட்டாள். கருத்த பெட்டையை வாங்கும் முன் அவர் அரிவாளைத் துடைத்துக்கொண்டார். ஏழாவது கோழிக்கு அடியில் ஒரு முட்டை கிடந்தது. இன்னும் சூடாக இருந்தது. லூசியம்மாள் அதை எடுத்து ஒரு நொடி உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு அதையும் குழிக்குள் போட்டாள்.

ஐந்து வருஷம் அவள் வளர்த்த கோழிகள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

கூட்டை எரிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார்கள். நனைந்த பலகை புகைந்ததே தவிர எரியவில்லை. கடைசியில் அவர் கடப்பாரையால் அடித்துப் பிரித்தார். தாம் அடித்த ஆணிகள் அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கும் என்று அவரே நினைத்திருக்கவில்லை.

மணி ஆறாகியும் ஜோசப்ராஜ் வரவில்லை. கோயில் மணி அடித்தது. மரியஅந்தோணி குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டார்.

“கோழியில்லாம எப்படிப் போவிய?” என்றாள் சவரியம்மாள்.

“கைய வீசிக்கிட்டு.”

லூசியம்மாள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். 

வேலிக்கு அப்பால் நூர் நிஷாவின் கதவில் பூட்டுத் தொங்கியது. விட்டுப்போன இரண்டு கோழிகளில் ஒன்று வாசலில் மல்லாந்து கிடந்தது. மற்றது அதன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தை நீட்டி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் அவர் கூடவே வந்தது.

கோயில் முற்றத்தில் முப்பது வீட்டார் கூடையும் கோழியுமாகக் காத்திருந்தார்கள். ஜெபம் முடிந்திருந்தது. பட்டியின் தட்டி இன்னும் திறக்கவில்லை. வெறுங்கையோடு அவர் வருவதைப் பார்த்ததும் பேச்சு ஒரு பக்கமிருந்து அடங்கிக்கொண்டே வந்தது.

ஆபிரகாம் முன்னால் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலில் நிஜமான துக்கம் இருந்தது.

“கூடு பொகைஞ்சப்பவே விசயம் எங்களுக்கும் எட்டிட்டு, தலைவரே. வருத்தப்படாதிய. அந்த நூர் நிஷா வீட்டுச் சீக்குதான ஒங்க கோழியள வாரிக்கிட்டுப் போயிட்டு? அவ வாசல்ல இப்பவும் ஒண்ணு செத்துக் கெடக்காம். மிச்சத்தத் தூக்கிக்கிட்டு மத்தியானமே ஓடிட்டாளாம். இதுல ஒங்க வீட்டு மேல என்ன குத்தம்?”

“அதான” என்றது கூட்டம். “பக்கத்து வீட்டுக்காரி செஞ்சதுக்கு இவுக என்ன செய்வாவ?”

சகாயராணி வெள்ளைக் கோழியோடு முன்வரிசையில் நின்றாள். அவளும் தலையாட்டினாள்.

எல்லாம் தயாராக இருந்தது. பதினோரு வருஷத்துப் பெயர், வீட்டின் மானம், சவரியம்மாள் நாளைக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கும் நடை. எதற்கும் அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும். பின்னால் லூசியம்மாள் நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கையை விடுவித்துக்கொண்டார்.

“அவங்கவங்க கோழிய வீட்டுக்குக் கொண்டு போங்க. ஒண்ணோட ஒண்ணு சேக்காதிய. இந்தத் தட்டி இன்னைக்குத் தெறக்கப்படாது.” கூட்டம் முணுமுணுத்தது. அவர் கையை உயர்த்தினார். “மொதல் கோழி இனிமே எங்க வீட்டுலேருந்து வராது. இந்த வருசம் மட்டுமில்ல. ஆபிரகாம், நீ சொன்னதுல ரெண்டு தப்பு இருக்கு. அத நீயே கேட்டுத் திருத்திக்க. சீக்கு மொதல்ல வந்தது எங்க வீட்டுக்கு. எங்க வீட்டுலேருந்துதான் அவ வீட்டுக்குப் போச்சு. மூணு வாரமா செத்ததையெல்லாம் நாங்கதான் மறைச்சோம்.”

ஆபிரகாம் ஓரடி பின்னால் போனார். 

“நூர் நிஷா ஓடல” என்றார் மரியஅந்தோணி. “எங்கிட்ட கேட்டுட்டுத்தான் போனா.”